பச்சை மார்புச் சில்லையும் பாபிஜியும்

அன்று காலை ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டைக் கரையில், நன்றாகப் படித்து நல்ல வேலைகளில் இருந்த ஆண்கள் வரிசையாக எருமைச் சாணத்தில் குப்புறக் கிடந்தார்கள். அந்த வரிசையின் நடுவில் கிடந்தவர் என் கணவர்.

எருமைகள் கொஞ்சம் தள்ளி நின்று அசைபோட்டுக்கொண்டு பார்த்தன. தினமும் தாங்கள் படுக்கும் இடத்தில் இன்று வேறு யாரோ படுத்திருப்பதை அவை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளிர்காலம். பனி இன்னும் விலகவில்லை. கோரைப்புல்லின் ஈர வாசனை, சாண வாசனை, யாரோ தாராளமாகப் பூசிக்கொண்ட கொசு மருந்தின் வாசனை எல்லாம் கலந்து வந்தது. அத்தனை பேரும் இலையும் தழையும் அச்சடித்த சட்டை போட்டிருந்தார்கள். அந்தச் சட்டையைப் போட்டால் ஆள் இருப்பது பறவைக்குத் தெரியாது என்பது நம்பிக்கை. சைக்கிளில் போன பால்காரருக்குத் தெரிந்தது. அவர் இறங்கி நின்று, "ஏமைந்தி சார், என்ன ஆச்சு? ஏதாவது விழுந்துடுச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான் மட்டும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கால்கள் கலைக்காகக்கூட மடங்காது.

அப்போதுதான் வரிசையின் முதலில் படுத்திருந்த பெரியவர் தலையைத் திருப்பி, ரகசியக் குரலில் கேட்டார்: "விஷாலாக்ஷி மேடம், அது எந்தப் பக்கமிருந்து வருமண்டி?"

மேடம். அதுவும் என் பெயரோடு சேர்ந்து. அந்த ஒரு வார்த்தையை நான் எப்படி வாங்கினேன், எப்படி இழக்கப் பார்த்தேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

போன வாரம் எங்கள் வீட்டு கிரைண்டரைப் பற்றி எழுதியதில் என் கணவரைப் பற்றி வந்த இரண்டு வரிக்கே அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இந்த வாரம் முழுக்க அவர்தான். சாப்பாடு வழக்கம்போல நடக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

ரகசியம் காக்கும் மனிதர்

என் கணவர் சுந்தரம் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி மாரெட்பள்ளிக்குக் குடிவந்த புதிதில் கேட்டேன்.

"ஒரு பொருள் செய்யுதோம்" என்றார்.

"என்ன பொருள்?"

"அதைச் சொல்லக்கூடாது."

"உருண்டையா, நீளமா? அதையாவது சொல்லுங்க."

"விசாலம், தூங்கு."

திருநெல்வேலியிலிருந்து அம்மா போன் செய்து மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பக்கத்து வீட்டில் கேட்பதாகச் சொன்னபோது, "பொருள் செய்யுதாங்க" என்றேன். அவர் பாத்திரக் கடை வைத்திருப்பதாக எங்கள் தெருவில் பல வருஷம் நம்பினார்கள்.

ஓய்வு பெற்றதும் மனிதர் கேமரா வாங்கினார். அதற்கு ஒரு லென்ஸ். காரில் பின் இருக்கையில் அதற்குத் தனி இடம், அதற்கு ஒரு மெத்தை, அதற்கு ஒரு உறை. நான் முன்னால் ஒடுங்கி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதன் விலை என்ன என்பதும் ராணுவ ரகசியம்.

இந்தப் பொழுதுபோக்கு அவருக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் பறவைகள் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து. பறவைப் படம் எடுப்பவர்கள் எந்த இடத்தில் எடுத்தோம் என்று வெளியே சொல்லமாட்டார்கள். கூடு இருக்கும் இடம் தெரிந்தால் கும்பல் சேர்ந்து பறவையை விரட்டிவிடும் என்பதால் ஏற்பட்ட வழக்கம். நியாயமான வழக்கம்தான். ஆனால் இவர் எங்கள் மொட்டைமாடியில் எடுத்த காக்கைப் படத்துக்கும் "இடம்: ஹைதராபாத் சுற்றுவட்டாரம்" என்று எழுதினார்.

பாபிஜி, சாய்

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் போக ஆரம்பித்தேன். அவருடைய குழுவில் எல்லோரும் ஆண்கள். நான் பிளாஸ்க், பிஸ்கட், துண்டு, அவருடைய இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றுக்குப் பொறுப்பாளர்.

குழுவுக்குத் தலைவர் ராவ் காரு; 'காரு', 'அண்டி' எல்லாம் தெலுங்கு மரியாதை. ஓய்வு பெற்ற பல் டாக்டர். எந்தப் பறவையைப் பார்த்தாலும் முதலில் அலகைத்தான் பார்ப்பார். பல் இல்லாத ஜீவன்கள் மேல் அவருக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று கேட்க நினைத்துக் கேட்டதில்லை. மெட்ராஸில் படித்தவர் என்பதால் தமிழ் பேசுவார். தமிழ் அதனால் கொஞ்சம் சேதப்பட்டது உண்மை.

அடுத்தவன் கார்த்திக். கோயம்புத்தூர்க்காரன், ஐ.டி.யில் இருக்கிறான். குழுவிலேயே பெரிய லென்ஸ் அவனுடையது. அதை மாட்டிக்கொண்டு அவன் நடந்து வந்தால் குட்டையில் இருக்கும் கொக்குகள் சரணடையத் தயாராவதுபோல இருக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் நான் பாபிஜி. அண்ணி என்று அர்த்தம். "பாபிஜி, தோடா சாய்" என்று ஒரு குரல் வரும், நான் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றுவேன். கார்த்திக்காவது அக்கா என்று சொல்லியிருக்கலாம். அவனும் ஊரோடு ஒத்துப்போய், "பாபிஜி, சர்க்கரை கொஞ்சம் கம்மியா குடுங்க" என்பான்.

மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விசாலாட்சி மிஸ் வருகிறார் என்றால் வராண்டாவே காலியாகிவிடும். அப்படிப்பட்ட பெயர் குட்டைக் கரையில் யாருக்கும் தெரியவில்லை. முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

எங்கள் மகள் அபி புனாவுக்குப் படிக்கப் போனபோது, தன்னுடைய சின்னக் கேமராவை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டு நானும் படம் எடுக்க ஆரம்பித்தேன். குழுவினர் அந்தக் கேமராவைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். குழந்தை கையில் மரப்பாச்சியைப் பார்த்தால் பெரியவர்கள் செய்யும் புன்னகை.

நான் எடுத்த படங்களும் என் கணவருடைய கணினியில்தான் ஏறும். அந்தக் கணினி எல்லாப் படத்தின் மூலையிலும் 'சுந்தரம்' என்று சாய்வெழுத்தில் பெயர் போட்டு, பக்கத்தில் பறக்கும் பறவை ஒன்றையும் வரைந்துவிடும். அப்படி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். என் மீன்கொத்தி, என் மைனா, என் நாமக்கோழி எல்லாம் சுந்தரம் ஆகிப் பறந்துகொண்டிருந்தன.

கூண்டுக்குத் தடை

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ராவ் காருவின் குழுவில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. கூண்டுப் பறவைகளைப் படம் எடுக்கக்கூடாது. போடக்கூடாது. பறவை விற்கும் கடை இருக்கும் தெருப்பக்கம்கூடத் திரும்பக்கூடாது. பால்கனிக் கூண்டில் இருந்த கிளியின் படத்தைத் தெரியாமல் போட்டுவிட்ட ஒரு வங்கி அதிகாரியை அவர் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். "சிறையில இருக்கற பறவையைப் பாக்கறதே பாவமண்டி" என்பார்.

ஆகவே குழுவில் இருந்த யாரும் கூண்டுக்குள் இருக்கும் பறவையைப் பல வருஷங்களாகக் கண்ணெடுத்தும் பார்த்ததில்லை. அதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமையும் இருந்தது.

வேலிக் கம்பியில் ஒரு பச்சை

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. பூனைப்பருந்து ஒன்று தெரிந்ததென்று எல்லோரும் குட்டையின் மறுகரைக்கு ஓடிவிட்டார்கள். நான் நாற்காலியில் இருந்தேன்.

எதிரே வேலிக் கம்பியில் ஒரு கூட்டம் வெண்தொண்டைச் சில்லைகள் வந்து உட்கார்ந்தன. சிட்டுக்குருவியைவிடச் சின்னதாக, மண் நிறத்தில் இருக்கும். வெளுத்த வயிறு, கறுத்த வால், தடித்த வெள்ளி அலகு. எங்கும் கிடைக்கும் பறவை. இதற்காகக் கேமராவைத் தூக்குவது எங்கள் குழுவில் கௌரவக் குறைச்சல்.

எனக்குக் கௌரவம் எதுவும் இல்லாததால் தூக்கினேன். நடுவில் ஒன்று பச்சையாக இருந்தது. மார்பும் வயிறும் கிளிப் பச்சை. முதுகில் ரோஸ் நிறம் லேசாகத் தடவியதுபோல. அதுபாட்டுக்கு மற்றவற்றோடு ஒட்டி உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தது.

எடுத்தேன். பறந்துவிட்டது.

அன்று மாலை என் கணவர் அந்தப் படத்தைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் போன் ஓயவில்லை. ராவ் காரு அலகைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பச்சைச் சில்லைன்னு அபூர்வமா ஒண்ணு உண்டு. ஆனா அதுக்கு அலகு சிவப்பு. இது அது காது, அதில்லே" என்று குரல் பதிவு அனுப்பினார். ஒருவர் இரண்டு இனம் கலந்து பிறந்தது என்றார். இன்னொருவர் பருவநிலை மாற்றம் என்றார். கார்த்திக், "உலகத்துல யாருமே பாக்காததா இருந்தாலும் இருக்குமுங்க" என்று எழுதினான்.

எல்லாருடைய முடிவும் ஒன்றுதான்: "சுந்தரம் காரு, மீரு கிரேட்."

என் கணவர் கைகூப்பும் படத்தோடு 'நன்றி' என்று போட்டார்.

படம்: என் மனைவி

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"எதுக்கு நன்றி?" என்றேன்.

"பாராட்டுதாங்கல்லா?"

"யாரை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "படத்தை" என்றார்.

"படத்தை எடுத்தது யாரு?"

"அது எல்லாருக்கும் தெரியும் விசாலம்."

"தெரிஞ்சா மீரு கிரேட்டுன்னு உங்களை எதுக்குச் சொல்லுதாங்க?"

அவர் போனை எடுத்தார். தட்டினார். காட்டினார். 'படம்: என் மனைவி' என்று இருந்தது.

"அவளுக்குப் பேர் கிடையாதா?"

"உன்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமே."

"என்ன பேருன்னு தெரியும்?"

அவர் வாயைத் திறந்தார். "பாபி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நல்ல மனிதர். உறைத்தால் முகம் தொங்கிவிடும். உட்கார்ந்து, படத்தின் மூலையில் இருந்த தன் பெயரை அழித்துவிட்டு, என் பெயரை எழுத்தெழுத்தாக அடித்து மறுபடியும் போட்டார்.

மறுநாள் காலை குழு முழுக்க 'விஷாலாக்ஷி மேடம்'. எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் பிடித்திருந்தது. குக்கர் வைக்கும்போதுகூடப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ராவ் காரு இரண்டு முடிவுகள் எடுத்தார். குளிர்காலக் கடைசியில் குழு நடத்தும் கண்காட்சியில், வாசலில் மாட்டும் படம் என்னுடையது. அடுத்து, புதுப் பறவை ஒன்று கிடைத்திருப்பதாகப் பெரிய ஊர்களில் இருக்கும் பறவை அறிஞர்களுக்கு அவரே விவரமாகக் கடிதம் எழுதப்போகிறார். அனுப்பும் முன்பு குழுவில் எல்லோரும் அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும்.

மறுபடியும் சாணத்துக்கு

அதற்காகத்தான் அன்று காலை அந்தப் படுக்கை.

பனி விலகியது. வெயில் ஏறியது. பறவை வரவில்லை. கார்த்திக்குக் கால் மரத்துவிட்டது. ராவ் காருவின் வயிறு சத்தம் போட்டது எனக்கே கேட்டது. கடைசியில் எல்லோரும் எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, மெயின் ரோட்டில் இருக்கும் இட்லி வண்டிக்குப் போனார்கள். வந்தால் உடனே போன் செய்யச் சொல்லிவிட்டு என் கணவரும் போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் சில்லைக் கூட்டம் வந்தது. இந்தப் பறவைகளுக்கு யாரோ சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

எனக்கு நேர் எதிரே ஒரு தட்டையான பாறை. அதன் பள்ளத்தில் முந்தின நாள் மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. பச்சைச் சில்லை அதன் விளிம்பில் இறங்கியது. பசுமை முன்பைவிட மங்கியிருந்தது. நான் போனை மடியில் வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தேன்.

அது குளித்தது. தலையை முக்கி, இறக்கையை அடித்து, வாலை ஆட்டி, சின்னக் குழந்தை வாளித் தண்ணீரில் போடும் ஆட்டமெல்லாம் போட்டது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் பச்சையாகியது.

புதுச் சுங்குடிச் சேலையை முதல் தடவை நனைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீரை விளக்கத் தேவையில்லை. முப்பது வருஷமாக அந்தத் தண்ணீரைத் தனி வாளியில் பிடித்துக் கொட்டிக்கொண்டிருப்பவள் நான்.

அது பாறைமேல் ஏறி நின்று உடம்பை உதறியது. ஒரு பக்கம் இன்னும் பச்சை. மறுபக்கம் வெளுத்த வயிறு, மண் நிற முதுகு. ஹோலி முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளைபோல நின்றது. வெண்தொண்டைச் சில்லை. வேலிக் கம்பியில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் அதே வெண்தொண்டைச் சில்லை. கொஞ்ச நேரம் வெயில் காய்ந்துவிட்டுக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

எனக்கு அழுகை வந்தது. பறவைக்காக இல்லை. எனக்காகத்தான்.

மீசையில் இஞ்சிச் சட்னியோடு எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

"வந்துச்சா மேடம்?" என்றார் ராவ் காரு.

"வந்துச்சு. போயிட்டு" என்றேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பரவாயில்லை. நீங்க பாத்தீங்க இல்லே, அது போதும். லெட்டர் திங்கட்கிழமை அனுப்பிடறேனண்டி" என்றார்.

மாரெட்பள்ளிவரை நான் கேமராவை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அடிக்கடி திரும்பிப் பார்த்த என் கணவர், முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டார்.

அபி பார்த்த படம்

விடுமுறைக்கு வந்திருந்த அபி சாப்பாட்டு மேஜையில் என் கேமராவை எடுத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் கையில் கிடைத்த மொழியில் பதில் சொல்வாள்.

"அம்மா, இதி கலர் பிட்ட கதா?" என்றாள்.

கலர் குருவி இல்லையா என்கிறாள். என் கணவர் தயிர்ச் சாதத்திலிருந்து நிமிர்ந்தார்.

"சார்மினார் பக்கத்துல கேஜ்ல வெச்சு விக்கறாங்க. பிங்க், கிரீன், எல்லோ. நானும் ஃபிரெண்ட்ஸும் பேங்கிள்ஸ் வாங்கப் போறப்பல்லாம் பாப்போம். பாவம், கலர் அடிச்சிருவாங்க. யாராவது வாங்கி ரிலீஸ் பண்ணிருப்பாங்க." அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கு நிஜமா தெரியாதா?"

எங்களுக்கு நிஜமாகவே தெரியாது. மைல் கணக்கில் தூரத்தில் இருக்கும் பருந்தின் கண்ணிமையை எண்ணும் லென்ஸ்கள் எங்களிடம் இருந்தன. கூண்டைப் பார்ப்பது பாவம் என்று நாங்கள் திரும்பிக்கொண்ட தெருவில் அந்தப் பறவைகள் பச்சையும் ரோஸுமாக உட்கார்ந்திருந்தன.

அபி வளையல் போட்ட கையால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

என் கணவர் கேமராவை வாங்கி அந்தக் குளியல் படங்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு ஆய்வுக்கூடக் குரலில் பேசினார்.

"யாருக்கும் தெரியாதுல்லா? இதை வெளிய விடாண்டாம். அந்தச் சவம் இனிமே பச்சையா வரப்போறதில்லை. இடம் மாறிப் போயிட்டுன்னு சொல்லிருவோம்."

"ராவ் காரு லெட்டர் அனுப்பப் போறாரு. படிக்கிறவங்க அந்த மனுசனைப் பாத்துச் சிரிப்பாங்க."

"அது வாஸ்தவம்தான்."

"எனக்கும் சொல்ல மனசு இல்லங்க" என்றேன். "வாசல்ல என் படம் இருக்கும்னு சொன்னாங்கள்ளா? இதைச் சொன்னா நாளைக்கு மறுபடியும் பாபிஜி, சாய்தான்."

யார் பெயரில்?

அவர் தயிர்ச் சாதத்தை மறந்துவிட்டார். கை காய்ந்துவிட்டது. எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்து கணினியைத் திறந்தார். கேமராவிலிருந்து படத்தை ஏற்றினார். பாதி பச்சையும் பாதி மண் நிறமுமாக அது பாறைமேல் நிற்கும் படம். மூலையில் தன் பெயரைக் கொண்டுவந்து வைத்தார். பறக்கும் பறவையோடு.

"என்ன செய்யுதீய?" என்றேன்.

"நான்தான் ரெண்டு படமும் எடுத்தேன், பெருமைக்காக உன் பேரைப் போட்டேன்னு எழுதிருதேன். சிரிக்கிறவங்க என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்லை. நீ இப்பதான மேடம் ஆயிருக்க."

ஆயுசு முழுக்க என்ன வேலை பார்த்தார் என்று சொல்லாத மனிதர். எனக்காகச் சொல்லவிருந்த முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. அவர் படிப்பார், பிறகு வீட்டில் பிடிக்க முடியாது.

ஆனாலும் கோபமும் வந்தது.

"தள்ளுங்க" என்றேன். "இது குளிச்சப்ப நீங்க இட்லி தின்னுட்டிருந்ததை எல்லாரும் பாத்தாங்கள்ளா? மீன்கொத்தியைக் குடுத்தேன். மைனாவைக் குடுத்தேன். இதைக் குடுக்கமாட்டேன். அசடு வழிஞ்சது நான். அது என் பேருலதான் இருக்கணும்."

அவர் தன் பெயரை அழித்தார். நாற்காலியைவிட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார். விசாலாட்சி என்று இந்த முறை நானே அடித்தேன். படத்துக்குக் கீழே எழுதினேன்: 'நான் கண்டுபிடித்த பறவை இன்று காலை குளித்தது. இதுதான் அதன் சொந்த நிறம். யாரோ சாயம் பூசி விற்றிருக்கிறார்கள். யாரோ வாங்கி விட்டிருக்கிறார்கள். ராவ் காரு, தயவுசெய்து கடிதத்தை அனுப்பாதீர்கள்.'

அனுப்பினேன். எல்லோரும் பார்த்துவிட்டதற்கு நீல அடையாளங்கள் வந்தன. பதில் எதுவும் வரவில்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். அன்றைக்குத் தேய்த்த பாத்திரங்கள் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை.

போன் அடித்தது. ராவ் காரு.

"மேடம், லெட்டர் கவர்ல போட்டு ஒட்டிட்டேன் தெரியுமா? காப்பாத்தினீங்க" என்றார். பிறகு ஏதோ சத்தம். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். "ஆயுசு முழுக்கப் பொய்ப் பல்லு கட்டினவன் நான். ஒரு பொய்க் கலரைக் கண்டுபிடிக்க முடியலே பாருங்க."

வைக்கும்போது சொன்னார்: "வாசல்ல உங்க படம்தான் மேடம். ரெண்டும்."

அப்படியே நடந்தது. குளிப்பதற்கு முன், குளித்த பின் என்று இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார்கள். நடுவே என் பெயர். உள்ளே பூநாரைகளும் கழுகுகளும் பிரமாதமாக இருந்தன. வந்தவர்கள் வாசலிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்ததால் கழுகுகளுக்குக் கொஞ்சம் கூட்டம் குறைந்தது. கூண்டுப் பக்கம் பார்க்கக்கூடாது என்ற விதியை ராவ் காரு எடுத்துவிட்டார். இப்போது சில ஞாயிறுகளில் சார்மினார் பக்கம் போகிறோம், விற்பவர்களோடு சண்டை போடுகிறோம், புகார் கொடுக்கிறோம். லீவுக்கு வந்தால் அபியும் கூட வந்து வளையல் வாங்குகிறாள்.

டீக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிளாஸ்க் இப்போது கார்த்திக்கின் பொறுப்பு. சர்க்கரை போதவே போதாது.

அதோடு, குழுவில் யாராவது விசித்திர நிறத்தில் பறவைப் படம் போட்டால் ராவ் காருவிடமிருந்து ஒரு கேள்வி வரும்: 'விஷாலாக்ஷி டெஸ்ட் ஆச்சா?' பறவை குளிக்கும்வரை காத்திருந்து பார்த்தாயா என்று அர்த்தம். புதுப் பறவை ஒன்றுக்கு என் பெயர் வைப்பார்கள் என்று நான் ரகசியமாக ஆசைப்பட்டிருந்தேன். குளியலுக்கு வைத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு எனக்கு ஜலதோஷம், போகவில்லை. என் கணவர் தனியாகப் போய் ஊதா மார்போடு ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாகக் குழுவில் போட்டுவிட்டு, காலை விரித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்கக் குட்டைக் கரை ஒட்டிக்கொண்டிருந்தது. அடுக்களைவரை மணத்தது.

"விசாலம்" என்று கூப்பிட்டார். "உன் டெஸ்ட் முடிஞ்சுதான்னு ராவ் காரு கேக்காரு. என்ன சொல்லட்டும்?"

"பறவை மெதுவாக் குளிக்கட்டும்" என்றேன். "மொதல்ல நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க."